இயங்குதளம் ஒன்று, எதற்கும் இன்னொன்று

வானம் கறுத்தால் நான் மடிக்கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். ஜெர்மனிக்கு வந்து நாலு வருடமாகிறது. இன்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. எதிர் மேசையில் உட்காரும் மார்ட்டின், நான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினான். பூமியைக் காப்பாற்ற இவளைப் போல நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்றான். பத்துப் பேர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே அது ஒரு வகைக் கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம், பந்தலூரில், இடி எப்படி இறங்கும், ஒரே இடியில் எங்கள் லைனில் எட்டு வீட்டு டிவியும் எப்படிப் புகைந்து போயின என்பதையெல்லாம் அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

பொதுவாகவே எங்கள் குடும்பத்துக்கு நல்லது நடக்கும் என்று நம்பிப் பழக்கமில்லை. நீலகிரியில் நெல்லியாளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஊரில் எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். அப்பா இலங்கையின் மலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களும் தங்களுக்குள் பேசி முடித்த ஒப்பந்தத்தின்படி, இருபத்து நாலு வயதில் கப்பலேறி வந்தவர். நான் இந்தியாவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கடலையே கல்லூரிக்குப் போன பிறகுதான் பார்த்தேன். ஆனாலும் அந்தக் கப்பலில் வந்திறங்கிய பயத்தில் எனக்குரிய பங்கை யாரோ தவறாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் மேசையில் ஒரு படிவம் மூன்று நாளாகத் திறந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கம்பெனி எங்களுக்கெல்லாம் புது மடிக்கணினி தருகிறது. எந்தக் கணினி வேண்டும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கிறார்கள். மார்ட்டின் ஒரு கையால் ஆரஞ்சு உரித்தபடியே மறு கையால் அரை நிமிடத்தில் நிரப்பி அனுப்பிவிட்டான். எனக்குக் கடைசிக் கேள்வியில் கை நின்றுவிட்டது. அது என்ன கேள்வி, அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், பழைய மடிக்கணினியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மென்பொருள் எழுதுகிறவளுக்கு இயங்குதளம், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம், என்பது சொந்த அடுப்படி மாதிரி. உப்பு டப்பா எங்கே, கரண்டி எங்கே என்று கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். நான் பழகிய அடுப்படி லினக்ஸ். கோயம்புத்தூரில் படிக்கும்போது யாரோ கழித்துக்கட்டிய ஒரு கணினி எனக்குக் கிடைத்தது. விண்டோஸைப் போட்டால் அது மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டால் ஓடும். ஆனால் கல்லூரிப் பரீட்சைக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் திறக்கும். அதனால் ஹார்ட் டிஸ்க் வட்டை இரண்டாக வெட்டி இரண்டையும் வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். என்னைப் பார்க்க ஒருமுறை அப்பா வந்திருந்தபோது அந்தத் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"இதுல எதுக்குப் பாப்பா ரெண்டு பேரு வருது?"

"ரெண்டு சிஸ்டம் இருக்குப்பா. எது வேணுமோ அதைத் தொறந்துக்கலாம். பத்து செகண்டுக்குள்ள சொல்லலைன்னா மேல இருக்கிறது தானாத் தொறந்துக்கும்."

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்ல ஏற்பாடு. எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும். ஒண்ணு கைய விட்டாலும் ஒண்ணு கெடக்கும்ல" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும் என்பது எங்கள் வீட்டில் சும்மா சொல்கிற பேச்சு அல்ல. அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர் என் பெரியப்பா. இந்தியக் குடியுரிமைக்கு எழுதுகிறாயா, சிலோன் குடியுரிமைக்கு எழுதுகிறாயா என்று தோட்டத்துக்குப் படிவம் வந்தபோது அண்ணனும் தம்பியும் லயத்து (லைனுக்கு அங்கே அதுதான் பெயர்) வாசலில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்திருக்கிறார்கள். இந்தியாவை இருவருமே பார்த்ததில்லை. சிலோனில் நாளைக்கு என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியாது. கடைசியில் பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். "நீ இந்தியாவுக்கு எழுது, நான் சிலோனுக்கு எழுதுறேன். எந்தப் பக்கம் நல்லாருக்கோ அந்தப் பக்கம் மத்தவன் வந்துருவோம்" என்றாராம். பக்கத்து லயங்களிலும் பல குடும்பங்கள் இப்படித்தான் பிரித்துப் பிரித்து எழுதின. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு எது ஆறு, எது சேறு என்று சொல்ல ஆளில்லை. இரண்டு நாடுகளையும் அவர்கள் வாடகை வீடு மாதிரி நினைத்துவிட்டார்கள்; பிடிக்காவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாறிவிடலாம் என்று. அப்பா கப்பலேறிய பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த வாரம் எனக்கும் ஒரு படிவம் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும், நாலு வருடத்துக்கு மாற்ற முடியாது என்று அடியில் எழுதியிருந்தது. எங்கள் வாடிக்கையாளரின் கருவிகள் எல்லாம் விண்டோஸில் ஓடுபவை. புதிதாக வந்தவள் வித்தியாசமாக எதையும் கேட்டு வைக்கக் கூடாது என்று விண்டோஸுக்குக் குறி போட்டேன். கம்பெனி அனுமதியில்லாமல் வேறு இயங்குதளம் நிறுவ மாட்டேன் என்ற தாளையும் ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள், வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வட்டில் ஒரு ஓரத்தை வெட்டி லினக்ஸை நிறுவினேன். பட்டப்பகலில் என் சொந்த அறையில் திரைச்சீலை எதற்கு என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தமிழ் விசைப்பலகை, நானாக எழுதிப் பார்க்கும் சின்னச் சின்ன நிரல்கள், பத்து வருடக் குறிப்புகள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் போய் அரை மணி நேரம் இருப்பேன். மூன்று வருடத்துக்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போனேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனியாள். இரண்டு வாரம் விடுப்பு, இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை என்று கம்பெனியில் அனுமதி வாங்கி, மடிக்கணினியையும் எடுத்துப் போயிருந்தேன். மழை விடவே இல்லை. தேயிலைச் செடிகளின் மேல் மூட்டம் இறங்கி, எதிர் லைன் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி மறைத்துக்கொண்டது. வீட்டில் சிக்னல் கிடையாது. தேயிலைப் பேக்டரி வளைவில் வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் கிடைக்கும். வாட்ச்மேன் பழனிச்சாமி அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். முதல் நாளே எச்சரித்தார்: "ஏனுங்க அம்மணி, அஞ்சு மணிக்கு மேல இங்க நிக்காதீங்க. ஒத்த ஆனை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குதுங்க. சத்தமே இல்லாம வருதுங்க." 

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை அந்த வளைவில் நின்றபோதுதான் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் ஹோல்கர். கம்பெனியின் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். அலுவலகக் காபி மெஷினருகே எப்போதாவது பார்ப்பேன். தலையை அசைப்பார், சிரிக்க மாட்டார். அதில் மூன்றே வரி. உங்கள் கருவியில் ஒரு முரண்பாடு தெரிகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அது பற்றிப் பேச வேண்டும். அதுவரை தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள்.

நான் அந்த மூன்று வரியை முப்பது தரம் படித்தேன். அந்த நேரத்தில் ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு இந்த வேலை நிலையானது என்று கம்பெனி ஒரு கடிதம் தர வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால், சில மாதங்களில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் ஒரு நாடு வேண்டாம் என்று திருப்பியனுப்பிய ஆளாக ஏற்கனவே அப்பா இருக்கிறார். இரண்டாவதாக நானும் சேர வேண்டுமா? வீட்டுக்கு வந்து மடிக்கணினியை மேசைமேல் வைத்தேன். அதன் கேமரா என்னையே பார்ப்பது போலிருந்ததால் ஒரு துண்டை எடுத்து மூடினேன். சிக்னல் இல்லாத வீட்டில் அது எப்படிப் பார்க்கும் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

புதன்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் லைனுக்குப் பின்னாலிருந்த பலாமரத்தின் பெரிய கிளை முறிந்து கிடந்தது. ஈர மண்ணில் முறம் முறமாகக் கால் தடம். பத்தடி தள்ளித்தான் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லை. லைன்காரர்கள் எல்லாரும் வந்து தடத்தைப் பார்த்துவிட்டு மூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். அது போய்விட்டதா, அங்கேதான் நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"அவன் என்னா கேப்பான்?"

"இதுக்குள்ள ரெண்டாவதா ஒண்ணு இருக்கான்னு கேப்பாருப்பா."

"இல்லைன்னு சொல்லு."

"இருக்குதேப்பா."

"அப்ப அழிச்சுப்புட்டு இல்லைன்னு சொல்லு. இது என்னா பெரிய கணக்கா? கேக்குறவன் நல்லதுக்குக் கேக்கவே மாட்டான். எந்த நாட்டுலயும் மாட்டான்."

அவர் இப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்வார் என்றும் தெரியும். வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் கப்பலேறி வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறது. அதோடு பின் குத்திய விசாரணைத் தாளும் இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்கும் கல்லூரி உதவிக்கும் நகலெடுத்து நகலெடுத்து அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். இலங்கையில் உள்ள நெருங்கிய உறவினர் என்ற இடத்துக்கு நேரே "இல்லை" என்று நீல மையில் எழுதியிருக்கும். பத்து வயதில் அதை முதன்முதலாகப் படித்தபோது, அப்ப பெரியப்பா யாரு என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

நடந்தது இவ்வளவுதான். முகாமில் அதிகாரி முன்னால் நீண்ட வரிசை. வரிசையில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: அங்கே ஆள் இருக்கிறது என்று சொன்னால் அட்டை தர மாட்டான், அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். யார் கிளப்பியது என்று தெரியாது. அப்பா வரிசையின் நடுவில் நின்றார். அவருடைய முறை வந்ததும், அண்ணன் தம்பி அங்கே இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் அப்பா. அவருக்குப் பின்னால் நின்ற ராமையாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. தங்கச்சி இருக்குங்க என்று சொல்லிவிட்டார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தங்கச்சியின் பெயரை எழுதிக்கொண்டு அவருக்கும் அதே அட்டையைக் கொடுத்தார். இருவருக்கும் ஒரே தோட்டத்தில்தான் வேலையும் கிடைத்தது.

பிறகு இலங்கையில் அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்தது. பெரியப்பாவின் லயமும் எரிந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்துவிடுகிறேன், அங்கே நெருங்கிய உறவு இருப்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், உன் தாளின் நகலை அனுப்பு என்று எழுதினார். அப்பா அனுப்பினாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. அனுப்பியிருந்தாலும் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ராமையாவின் தங்கச்சி, தன் பெயர் இருந்த அண்ணனின் தாளைக் காட்டி வந்து சேர்ந்தார். எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளிக் குடியிருந்தார். அப்பா அந்தப் பக்கம் போக மாட்டார். பெரியப்பாவிடமிருந்து இன்னும் மூன்று கடிதம் வந்தது. நாலாவதை அவருடைய மகன் எழுதியிருந்தார். காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது.

இதையெல்லாம் நான் அப்பாவிடம் வாய்விட்டுப் பேசியதே இல்லை. புதன்கிழமை பேசினேன். பயத்தில் இருக்கிறவளுக்கு யார் மேலாவது பாய வேண்டும். "இல்லைன்னு சொல்லித்தானேப்பா பெரியப்பாவ விட்டோம்?" என்றேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா கோபப்படவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிசையில நின்னிருந்தா நீயும் அதையேதான் சொல்லிருப்ப" என்றார்.

நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். படித்தவள். மூன்று மொழியில் பேசுகிறவள். ராமையாவின் கதையும் முழுதாகத் தெரிந்தவள். உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்துவிட்டுத்தான் அன்று படுத்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லினக்ஸை அழித்தேன். காபி குடித்தேன், மடிக்கணினியைத் திறந்தேன், துண்டை எடுத்தேன், கை தானாகப் போனது. குறிப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அழி என்றேன். உறுதியாகவா என்று அது கேட்டது. ஆம் என்றேன். பத்து வருட அடுப்படி நாலு விநாடியில் காணாமல் போனது. எதையும் மாற்றாதீர்கள் என்று ஹோல்கர் எழுதியிருந்தது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஜெர்மனியில் காலை பத்து மணி என்றால் எங்கள் ஊரில் மதியம் ஒன்றரை. பழனிச்சாமி அண்ணன் தன் கூண்டையே எனக்காக ஒழித்துக் கொடுத்துவிட்டு, பேக்டரி ஓரத்தில் குடையோடு நின்றார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஹோல்கரின் குரல் பாதிதான் கேட்டது. திரையில் அவர் முகம் எப்போதும் போல மரக்கட்டையாக இருந்தது.

"உங்கள் மடிக்கணினியில் இரண்டாவது இயங்குதளம் இருக்கிறதா?"

"இல்லை."

"இதற்கு முன் இருந்ததா?"

"இல்லை."

நீயும் அதையேதான் சொல்லிருப்ப என்று அப்பா சொன்னது, சொல்லும்போதே காதில் விழுந்தது. ஹோல்கர் எதையோ தட்டச்சு செய்தார். பிறகு, தயங்கித் தயங்கி, எனக்குப் புரிய வேண்டுமே என்கிற அக்கறையோடு ஆங்கிலத்தில் விளக்கினார். நிரல் எழுதுகிறவர்களில் பலர் இரண்டாவதாக ஒன்றை வைத்திருப்பது தெரியும். அதைத் தடுக்க முடியாது, தேவையும் இல்லை. அதனால் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, இருக்கிறவர்களுக்கெல்லாம் அவுஸ்நாமே கொடுக்கிறோம். ஜெர்மன் மொழியில் விதிவிலக்கு என்று அர்த்தம். உங்கள் மார்ட்டினிடம்கூட இருக்கிறது. கேட்டதும் இருக்கிறது என்று அவர் சொன்னார், போன வாரமே கொடுத்துவிட்டோம். எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதியது, நீங்கள் அவசரப்பட்டு எதையும் இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.



"உங்கள் கருவி இப்போதுதான் இணைப்புக்கு வந்தது," என்றார் ஹோல்கர். "இன்று காலையில் ஒரு பகுதி அழிக்கப்பட்டதாக எனக்கு இங்கே தெரிகிறது. அந்த இடத்தில் நான் என்னவென்று எழுதட்டும்?"

மிரட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைக் கேட்டார். அந்தச் சமயம் பார்த்து சிக்னல் போய்த் தொலையக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. பழனிச்சாமி அண்ணன் வெளியிலிருந்து குனிந்து, "முடிஞ்சுதுங்களா அம்மணி? இருட்டிக்கிட்டு வருது பாருங்க" என்றார். மணி இரண்டுகூட ஆகவில்லை, ஆனால் வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. என் கோப்பில், இல்லை என்ற என் பதிலும் அழித்த நேரமுமாக, ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. வாடிக்கையாளரின் கணினிகளுக்குள் நுழையும் அனுமதியை, தற்காலிகமாகத்தான் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். தங்கும் அனுமதிக்கான கடிதத்தைக் கேட்டபோது நிர்வாக அலுவலர் கனிவாகச் சிரித்து "ஷாவன் வியா மால்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆபீஸ்களில் நாளைக்கு வா என்பார்களே, அதே குரல்தான். மார்ட்டின் மட்டும் நேராகக் கேட்டான்: "இருக்கிறது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே? லினக்ஸ் பயன்படுத்துவதைச் சொல்ல உனக்கு வெட்கமா?" ஆமாம், வெட்கம்தான் என்றேன். அவன் சிரித்தான். அவனிடம் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் இதுவரை அவனுக்கு ஏதாவது கொடுப்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவன்மேல் ஒரு நிமிடம் கடும் பொறாமை வந்தது.

இல்லை என்று சொல்லிவிட்டேன் என்பதற்கு மேல், அப்பாவிடம் முழு உண்மையைச் சொல்ல ஒரு மாதம் ஆனது. அவரே போனில் கேட்டார். "என்னா பாப்பா, இல்லைன்னு சொன்னியே, விட்டுட்டானா?"

"இருக்குன்னு சொன்னவங்களுக்கெல்லாம் அனுமதி குடுத்துட்டாங்கப்பா. சொல்லாதது நான் மட்டும்தான்."

பேக்டரி ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. வளைவுக்கு நடந்து வந்து நின்றுகொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டாரோ என்று நினைக்கும்போது குரல் வந்தது.

"ராமையாவும் இருக்குன்னுதான் சொன்னான்."

"தெரியும்ப்பா."

"ஏன் பாப்பா," என்றார். அப்பா இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "இப்பப் போயிக் கேட்டா, அந்தத் தாள்ல அண்ணன் பேர எழுதிக் குடுப்பாங்களா?"

பெரியப்பா போய்ப் பதினெட்டு வருடமாகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த முகாம் ஆபீஸ் இப்போது இருக்கிறதோ இல்லையோ என்றும் சொல்லவில்லை. விசாரிச்சுப் பாக்குறேன்ப்பா என்றேன். போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. ஹோல்கர் இந்தத் தடவை படிவத்தை மாற்றியிருக்கிறார். என்னைப் போல ஒருத்தி இனி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் மாற்றியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாவது இயங்குதளம் தேவையா? ஆம், இல்லை. பார்த்ததும் கை இல்லை என்பதை நோக்கித்தான் போனது. பிடித்து இழுத்து வந்து ஆம் என்பதில் வைத்தேன். உடனே கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்தது. காரணம் எழுதவும். மூன்று நாளாக அந்தப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி போதும் என்கிறான் மார்ட்டின். எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. நீண்டு நீண்டு, கடைசியில் உங்களுக்கு எழுதும் இந்தக் கட்டுரையாகிவிட்டது. இதை ஹோல்கரிடம் கொடுத்தால் எந்தக் கட்டத்துக்குள் போடுவார், பாவம்.

பழைய மடிக்கணினியையும் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று காலை பதற்றத்தில் நான் லினக்ஸ் இருந்த இடத்தை அழித்தேனே தவிர, தொடக்கப் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுக்க மறந்துவிட்டேன். இப்போதும் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வருகின்றன. கீழே உள்ள லினக்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அப்படி ஒரு பகுதி இல்லை என்று வெள்ளை எழுத்தில் வரும். தினமும் காலையில் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு பெயர்களையும் பார்த்தபடி எதையும் தொடாமல் இருக்கிறேன். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் குறைகிறது. கடைசியில் மேலே இருக்கிறது தானாகத் திறந்துகொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, வயரைப் பிடுங்கிவிட்டேன். படிவத்தில் ஆம் என்ற குறி அப்படியே இருக்கிறது, காரணம் கேட்ட பெட்டி இன்னும் காலியாக இருக்கிறது.